சனிக்கிழமை மண்டகப்படி

பிப்ரவரி 10, சனி

இந்த நோட்டை ஆஸ்பத்திரியில் எஸ்தர் கொடுத்தாள். "மனசுல என்ன தோணுதோ அதை எழுதுங்கக்கா" என்றாள். விருதுநகர் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் பத்தொன்பது வருடமாகப் பத்திரம் எழுதுகிறவள் நான். எனக்கே எழுதச் சொல்லிக் கொடுக்கிறாள். மனசுக்குத் தோன்றியதைப் பத்திரத்தில் எழுதினால் எந்த வீடும் யாருக்கும் சொந்தமாகாது. ஆகையால் நடந்ததை மட்டும் எழுதப்போகிறேன்.

பெயர் சந்தனமாரி. வயது நாற்பத்து மூன்று. இடது மார்பில் கட்டி, மூன்றாம் நிலை. வாராவாரம் சனிக்கிழமை மதுரை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிறார்கள். மொத்தம் பன்னிரண்டு, இன்று இரண்டாவது. வீட்டுக்காரர் காசிராஜன், பருப்பு மில்லில் சூப்பர்வைசர். மகள் தர்ஷிகா எட்டாம் வகுப்பு, மகன் முகிலன் மூன்றாம் வகுப்பு. பிள்ளைகளை வீட்டில் விட்டுவர ஆள் இல்லாததால் நாலு பேருமாக ரயிலில் போய் வருகிறோம், டூர் போகிறவர்கள் போலப் புளிசாதம் கட்டிக்கொண்டு.

கீமோ வார்டுக்கு வெளியே ஓர் அறை இருக்கிறது. கதவில் ‘சனிக்கூடம்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பெரிய வியாதி வந்த வீட்டுப் பிள்ளைகளையும் கூட வந்தவர்களையும் எஸ்தர் அங்கே உட்காரவைத்துப் படம் வரையச் சொல்கிறாள், பேசச் சொல்கிறாள். ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்தின் திட்டமாம். வியாதி எனக்கு, இவர்களுக்கு எதற்குக் கூடம் என்று அவளிடமே கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு நாங்க மருந்து ஏத்துறோம். இவங்களுக்கு யாருக்கா ஏத்துறது?" என்றாள்.

பெண்ணுக்கு வாய் இருக்கிறது.

பிப்ரவரி 18, ஞாயிறு

மொட்டை போட்டாயிற்று. தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. இவர் போய் சலூன்காரர் முத்திருளனை வீட்டுக்கே கூட்டிவந்தார். முத்திருளன் கத்தியை எடுப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தார்.

"அக்கா, சாமிக்கு எடுக்கிறதா நெனச்சுக்கிறேன்."

"எதுன்னு வேணாலும் நெனச்சுக்க. காதை மட்டும் விட்டுட்டு எடு."

தர்ஷிகா சிரித்துவிட்டாள். முகிலன் கதவுக்குப் பின்னால் நின்றான். கூப்பிட்டேன், வரவில்லை. விளையாடப் போகிற அவசரமாக இருக்கும்.

பிப்ரவரி 20, செவ்வாய்

சமையலறை டப்பாக்களில் எல்லாம் பெயர் எழுதி ஒட்டினேன். பத்திரக் கையெழுத்து, தூரத்திலிருந்தே தெரியும். இவர் வந்து பார்த்தார்.

"ஏ புள்ள, இருபது வருசமா பருப்பு மில்லுல கெடக்கேன். எனக்குத் தொவரம்பருப்பு எதுன்னு எழுதி ஒட்டுறியா?"

"பாக்க நல்லாருக்கும்னு ஒட்டுனேன்."

இவர் மேல் தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, ‘பெருங்காயம்’ என்று வாய்விட்டுப் படித்தார். அப்படியே திரும்ப வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் வெளியே வரை கேட்டது.

சும்மாதான் ஒட்டினேன். தர்ஷிகாவுக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்தேன். அதுவும் சும்மாதான்.

பிப்ரவரி 22, வியாழன்

முகிலன் இப்போதெல்லாம் தானே போட்டுச் சாப்பிடுகிறான். என் கையால் உருண்டை கேட்பதில்லை. என் டம்ளரில் தண்ணீர் குடிப்பதில்லை. வளர்கிற பிள்ளை, சுத்தம் தெரிகிறது.

பிப்ரவரி 24, சனி

இன்று கூடத்தில் வார்டு நர்ஸ் பாத்திமா சிஸ்டரை உட்காரவைத்து, பிள்ளைகள் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்றிருக்கிறாள் எஸ்தர். பெயர் போடாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். நான் மருந்து ஏறுகிற நாற்காலியில் கிடந்தேன். தர்ஷிகா வந்து ஒவ்வொன்றாக ஒப்பித்தாள். மருந்து ஏன் சிவப்பாக இருக்கிறது. மொட்டைத் தலையில் மறுபடி சுருட்டை முடி வருமா. ஒரு சீட்டில், ‘அம்மா தட்டுல சாப்பிட்டா எனக்கும் வருமா’ என்று இருந்ததாம். சிஸ்டர், "வராதுடா கண்ணு, இது சளி காய்ச்சல் மாதிரி இல்ல. அம்மாவைக் கட்டிப் புடிச்சாலும் வராது, முத்தம் குடுத்தாலும் வராது" என்று சொன்னாராம்.

"யாரு எழுதுனதுன்னு தெரியாதும்மா" என்றாள் தர்ஷிகா. கொஞ்ச நேரம் என் கால்மாட்டில் போர்வையைச் சரி பண்ணினாள். "ஆனா ‘ட்டு’ போடுறது முகிலன் மாதிரியே இருந்துச்சு."

பக்கத்து நாற்காலிச் செல்லக்கிளி காதில் வாங்கிக்கொண்டே இருந்தாள். உசிலம்பட்டிப் பக்கம். என்னைவிட இரண்டு வயது சின்னவள், சத்தம் மட்டும் நாலு மடங்கு. "அழுகாத தாயி, மருந்து தண்ணியா எறங்கிரும்" என்றாள். நான் அழவில்லை. ஏசி காற்று கண்ணில் பட்டது.

பிப்ரவரி 25, ஞாயிறு

கறிக்குழம்பு. நான் தட்டில் பிசைந்துகொண்டிருந்தபோது முகிலன் வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

பதினோரு உருண்டை. எனக்குக் குழம்பு மிஞ்சவில்லை.

மார்ச் 2, சனி

எஸ்தர் முகம் சரியில்லை. கேட்டதற்கு முதலில் ஒன்றுமில்லை என்றாள். பத்தொன்பது வருடமாகப் பாகப்பிரிவினைக்கு வருகிறவர்களின் முகத்தைப் படிக்கிறவளிடம் ஒன்றுமில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. கடைசியில் சொன்னாள். திட்டக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறதாம். அவளைத் திருச்சி ஆபீசுக்கு மாற்றிவிட்டார்கள். சனிக்கூடம் கிடையாது. அறையில் பழைய சக்கர நாற்காலிகளைப் போட்டுவைக்கப் போகிறார்களாம்.

"அப்ப இந்தப் பிள்ளைக சீட்டை எந்தப் பெட்டியில போடும்?" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

எனக்குக் கோபம் அவள்மேல் இல்லை. பதினோரு உருண்டை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் பிள்ளை என்னிடம் கேட்க முடியாததைக் கேட்க ஓர் இடம் இருந்தது. எனக்கு ஏதாவது ஆனால் அந்த இடம் அவனுக்கு இன்னும் தேவைப்படும். இதை எழுதியாயிற்று, இனி அழிக்கப்போவதில்லை.

மார்ச் 9, சனி

வியாதிக்காரக் குடும்பங்களே கூடத்தை நடத்தினால் என்ன என்று எஸ்தரைக் கேட்டேன். குதித்தாள். அறையைத் தர ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் சம்மதித்துவிட்டார், ஆள் இருந்தால் போதும் என்றாராம். பாத்திமா சிஸ்டரும் வாரம் அரை மணி நேரம் வருவதாகச் சொல்லிவிட்டார். எஸ்தர் அழகாக ஓர் அறிவிப்பு எழுதி ஒட்டினாள்: ‘சனிக்கூடத்துக்குத் தன்னார்வலர்கள் தேவை. விருப்பமுள்ளவர்கள் பெயரைப் பதிவு செய்யவும்.’

காலை பத்திலிருந்து இரண்டு மணி வரை பேனா தொங்கியது. ஒரு பெயர்கூட விழவில்லை. எல்லோரும் படித்துவிட்டு, "நல்ல காரியம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். செல்லக்கிளி வீட்டுக்காரர் மூக்கையா அண்ணன் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவர், யார் எதைக் கேட்டாலும் செய்கிற மனிதர். அவரே, "தன்னார்வலருன்னா படிச்சவுகளா இருக்கணும்ல தாயி" என்று பின்வாங்கினார்.

மார்ச் 12, செவ்வாய்

இவர் மில் சங்கக் கூட்டத்துக்குப் போய்விட்டுச் சட்டைப் பொத்தான் அறுந்து வந்தார். எங்கள் ஊர் அம்மன் பொங்கலில் ஐந்தாம் நாள் மண்டகப்படி பருப்பு மில் தொழிலாளர்களுடையது. அன்றைக்குச் சாமிக்கு அலங்காரம், பிரசாதம், மேளம் எல்லாம் இவர்கள் பொறுப்பு. ஆறாம் நாள் எண்ணெய் மில்காரர்களுடையது. இந்த வருடம் தேதி இடிக்கிறது, ஐந்தாம் நாளை மாற்றிக்கொள்ளலாமா என்று எண்ணெய் மில்காரர் ஒருவர் கேட்டுவிட்டாராம்.

"எங்கப்பன் காலத்துல இருந்து நம்ம நாளு. கேக்குறான் பாரு, மாத்திக்கலாமான்னு! உசுரு போனாலும் விடுவோமா?"

பொத்தானைத் தைத்துக்கொண்டே இருந்தவள் ஊசியைக் கீழே வைத்தேன். இதே மனிதர் தன்னார்வலர் பட்டியலைப் பார்த்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு போனவர்தான்.

"என்னங்க" என்றேன், "உங்களுக்கு ஒரு நாளைக் குடுத்தா எடுத்துக்குவீங்களா?"

"என்ன நாளு?"

சொல்லவில்லை. பொத்தானை இடம் மாற்றித் தைத்துவிட்டேன் என்று அப்புறம்தான் பார்த்தேன்.

மார்ச் 16, சனி

எஸ்தரின் அறிவிப்பைக் கிழித்தேன். வீட்டிலேயே கோடு போட்டுத் தயாராக வைத்திருந்த பட்டியலை ஒட்டினேன். ‘சனிக்கூட மண்டகப்படி விவரம்’ என்று மேலே பெரிதாக. ஏப்ரல் 6 முதல் அடுத்த மார்ச் 29 வரை ஐம்பத்திரண்டு சனிக்கிழமை. அன்றன்றைய மண்டகப்படிக்காரர் கூடத்தைத் திறக்க வேண்டும், பிள்ளைகளுக்கு ஏதாவது தின்னக் கொடுக்க வேண்டும், ஒரு விளையாட்டோ கதையோ வைக்க வேண்டும், சீட்டுப் பெட்டியைச் சிஸ்டர் கையில் கொடுக்க வேண்டும்.

ஒரு மணி நேரம். ஒரே மணி நேரத்தில் முப்பத்தோரு பெயர். முதல் சனிக்கிழமைக்கு மூன்று பேர் மல்லுக்கு நின்றார்கள். மூக்கையா அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மொத மண்டகப்படி எங்களுது. பேனாவைக் குடு தாயி" என்றார். செல்லக்கிளி மருந்து ஏறுகிற கையை ஆட்டாமல் நாற்காலியிலிருந்தே, "ஆடி மாசத்துலயும் ஒண்ணு நமக்கு எழுதச் சொல்லுய்யா!" என்று கத்தினாள். மேலூர்க்காரர் ஒருவர், தன் மைத்துனன் பெயர் தன் பெயருக்கு மேலே இருக்கிறது என்று கோபித்துக்கொண்டு போய், டீ குடித்துவிட்டுத் திரும்பிவந்து இரண்டு நாள் எழுதினார்.

எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "அக்கா, எங்க மேனேஜருக்கு இதை நான் எப்படி ரிப்போர்ட் எழுதுவேன்?"

"நடந்ததை எழுது" என்றேன். மனசுக்குத் தோன்றியதை எழுதச் சொன்னவளுக்கு இது போதும்.

மார்ச் 23, சனி

பட்டியல் ஏறக்குறைய முழுக்க நிரம்பிவிட்டது. கிட்டத்து மாதங்கள் எல்லாம் அடித்துப்பிடித்துப் போயின. அடுத்த வருடப் பிப்ரவரி, மார்ச் பக்கம்தான் ஆட்கள் பேனாவை எடுத்துவிட்டு யோசித்தார்கள். ஏன் என்று எழுத வேண்டியதில்லை. மார்ச் 29 மட்டும் காலி.

எங்களுக்கு எந்த நாள் என்று எஸ்தர் கேட்டாள். பட்டியல் எழுதுகிறவளுக்கு எதற்குத் தனியாக நாள் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 30, சனி

எஸ்தருக்கு வழியனுப்பு. பிள்ளைகள் அவள் தலையில் காகிதக் கிரீடம் வைத்தார்கள். அவள் அழுதாள், நான் திட்டினேன், பிறகு அவள் துப்பட்டாவில் நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். மாதம் ஒரு சனிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறாள்.

ஏப்ரல் 6, சனி

முதல் மண்டகப்படி. இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

தப்பு என்னுடையது. மண்டகப்படி என்று எழுதினேனே தவிர, மண்டகப்படி என்றால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று யோசிக்கவில்லை. மூக்கையா அண்ணன் காலை ஒன்பதரைக்குக் குட்டியானையில் வந்து இறங்கினார். வாழைமரம் இரண்டு. மாவிலைத் தோரணம். ஓர் அண்டா சர்க்கரைப் பொங்கல். ரேடியோ செட். சொந்தக்காரர்கள் பதினாறு பேர், அதில் இருவர் கையில் உறுமி மேளம். செக்யூரிட்டி தடுத்ததற்கு, "மண்டகப்படிப்பா!" என்று அதட்டியிருக்கிறார்கள். அவனும் பழக்க தோஷத்தில் வழிவிட்டிருக்கிறான்.

பத்து மணிக்கு லிப்ட் கதவு திறந்ததும் உறுமி அடித்தார்கள். மூன்றாவது மாடி முழுக்க அதிர்ந்தது. பிள்ளைகள் ஆடினார்கள். முகிலன் ஆடினான்! நாற்காலியிலிருந்தே கண்ணாடி வழியாகப் பார்த்தேன், இடுப்பை ஒடித்து ஒடித்து ஆடினான். செல்லக்கிளி, "எம்புருசன் எம்புருசன்" என்று எல்லோருக்கும் கையைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

அப்புறம் நெய் மணம் வார்டுக்குள் வந்தது. மருந்து ஏறுகிற வயிற்றுக்கு நெய் மணம் ஆகாது. முதலில் நான் வாந்தி எடுத்தேன். வரிசையாக ஏழு பேர்.

கண்காணிப்பாளர் டாக்டர் நாச்சியப்பன் வந்தார். அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அடுத்த வாரத்துல இருந்து இந்த ரூம் பூட்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூக்கையா அண்ணன் அண்டா பக்கத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பொங்கலைச் செக்யூரிட்டிகளும் டாக்சி ஸ்டாண்டுக்காரர்களும் சாப்பிட்டார்கள். நன்றாக இருந்ததாம்.

ஏப்ரல் 9, செவ்வாய்

இரண்டு நாளாக முகிலன் கேட்டதையே கேட்கிறான். "சனிக்கிழம ரூம் தொறப்பாங்களாம்மா? பெட்டில போட ஒரு சீட்டு வச்சிருக்கேன்." என்ன சீட்டு என்று கேட்டேன். சிஸ்டரிடம்தான் கேட்பானாம்.

ஆபீசுக்குப் போய் என் மேஜையில் உட்கார்ந்தேன். பத்திரத் தாளில் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதினேன். இதுவரை எழுதியதிலேயே நல்ல பத்திரம் இதுதான்.

ஏப்ரல் 13, சனி

காலை ஒன்பது மணிக்குக் கண்காணிப்பாளர் அறை வாசலில் மொட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் இவர், மூக்கையா அண்ணன், மேலூர்க்காரர். பத்திரத்தை நீட்டினேன். படித்தார். முக்கியமான பகுதியை மட்டும் இங்கே பிரதி செய்கிறேன்:

‘மேற்படி கூடத்துக்கு எல்லைகளாவன: வடக்கே எக்ஸ்ரே அறைச் சுவர். தெற்கே லிப்ட். கிழக்கே குடிதண்ணீர்க் குழாய். மேற்கே கீமோ வார்டுக் கதவு. இந்நான்கு எல்லைக்குள் மட்டுமே மண்டகப்படி நடத்தப்படும். மேற்கெல்லையைத் தாண்டி நெய், வெங்காயம், ஊதுபத்தி ஆகியவற்றின் மணமோ, உறுமி, ரேடியோ செட் ஆகியவற்றின் ஓசையோ செல்லாது. சூடான பதார்த்தம் கொண்டுவரப்படாது. மண்டகப்படிக்காரர் தரப்பில் ஆறு பேருக்கு மேல் வரக்கூடாது. மீறினால் மண்டகப்படிக்காரர் தம் நாளை இழப்பார். இதை நாங்களும் எங்கள் வாரிசுகளும் சந்திர சூரியர் உள்ளவரை அனுசரித்து வருவோம்.’

கீழே முப்பத்தோரு கையெழுத்து, நாலு கைநாட்டு. மூன்று நாளாக மூக்கையா அண்ணன் குட்டியானையில் ஊர் ஊராகச் சுற்றி வாங்கியவை.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதுல ‘நாளை இழப்பார்’னு போட்டீங்க பாருங்க. இதுக்குக் கட்டுப்படாத ஆளே கெடையாது" என்றார். "எங்க ஊர் கோயில்ல எட்டாம் நாள் எங்க வீட்டோடது. தாத்தாவுக்கு மாரடைப்பு வந்து படுத்திருந்தப்பக்கூட கட்டிலோட தூக்கிட்டுப் போனோம்." பத்திரத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். "தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை யாரோடது?"

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். மேலூர்க்காரருடைய இரண்டாவது நாள். அவர் என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார்.

"டாக்டருக்குன்னா... விட்டுக்குடுக்கிறேன். இந்த ஒரு வருசத்துக்கு மட்டும்."

பதினோரு மணிக்குக் கூடம் திறந்தது. ஆறு பேர், ஆறிய சுண்டல், சத்தமில்லாத பல்லாங்குழி. முகிலன் சீட்டைப் பெட்டியில் போட்டான். சிஸ்டரிடம் என்ன கேட்டான் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. வெளியே வந்து என் துண்டை அவிழ்த்து, தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "சொரசொரன்னு இருக்கு" என்றான்.

மே 18, சனி

பன்னிரண்டு முடிந்து இப்போது சிவப்பு மருந்து, மூன்று வாரத்துக்கு ஒன்று. மருந்து இல்லாத சனிக்கிழமையும் மதுரைக்கு ரயில் ஏறுகிறோம். இன்றைய மண்டகப்படி ஒத்தக்கடைத் தையல்காரருடையது. பிள்ளைகளுக்குக் குஞ்சம் வைத்த துணிப் பை தைக்கச் சொல்லிக்கொடுத்தார். ஆண்கள் மூலையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். இவர், "அவ டப்பாவுல எல்லாம் பேரு எழுதி ஒட்டுனாய்யா, அன்னைக்கு பாத்ரூம்ல கொழாயைத் தொறந்துவிட்டுட்டு அழுதேன்" என்று யாரிடமோ சொன்னது கதவு வழியாகக் காதில் விழுந்தது.

அன்றைக்குத் தொட்டி நிரம்பி வழிந்தது ஏன் என்று இப்போது தெரிகிறது.

ஜூன் 27, வியாழன்

செல்லக்கிளி காலையில் போய்விட்டாள். அழுதேன். இன்று எழுத வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 20, சனி

ஆடி மாதம் செல்லக்கிளி கேட்டு வாங்கிய நாள் இன்று. அவர்கள் வரமாட்டார்கள் என்று நினைத்து, நானே ஐம்பது பேருக்கு எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போனேன்.

போனால், கூடம் திறந்திருந்தது. மூக்கையா அண்ணன் பெருக்கிக்கொண்டிருந்தார். மகள்கள் இருவரும் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். கூடையில் ஆறிய தக்காளிச் சோறு, பத்திரப்படி. என் சாதக் கூடையைத் தரையில் இறக்கிவைத்தேன்.

"அண்ணே, இன்னும் ஒரு மாசம்கூட ஆகல. நாங்க பாத்துக்க மாட்டமா?"

"எப்படித் தாயி விடுறது? அவ கேட்ட நாளு. பேரு போட்டுருக்குல்ல." துடைப்பத்தை மூலையில் சாய்த்தார். "இந்தப் பிள்ளைக ரெண்டும் வீட்ல வாயே தெறக்கல. இங்க வந்ததும் தெறந்துருச்சுக."

பெரியவள் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, அம்மாவை மாதிரியே சத்தம் போட்டு விளையாட்டு நடத்தினாள். குரல்கூட அதே குரல். அழுதுகொண்டே சிரித்தேன். பக்கத்தில் பாத்திமா சிஸ்டரும் அப்படித்தான்.

திரும்பி வருகிற ரயிலில் முகிலன் கேட்டான்.

"அந்த அத்ததான் செத்துப்போச்சே. மாமா ஏன் வந்தாரு?"

"அது அவங்க நாள்டா."

"நம்ம நாள் எது?"

இவர் கடலையை உரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். தர்ஷிகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் என் பையிலிருந்து பட்டியலை எடுத்து மடியில் விரித்து, விரலை வைத்துக்கொண்டே கீழே போனான்.

"இது சும்மாதான் கெடக்கு. மார்ச் இருபத்தொம்பது. இது நம்மளுது."

"ஏன்டா அம்புட்டுத் தள்ளி?"

"இருக்கிறதுலயே இதான்மா கடைசி. அதுவரைக்கும் நீ இருந்துதான ஆகணும்? மண்டகப்படிக்காரங்க இல்லாம எப்படி நடத்துவாங்க?"

மூக்கையா அண்ணன் நடத்தினார், இன்றைக்குத்தான் பார்த்தோம். அவனும் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் கேட்கிறான்.

எனக்கு ஆசையாக இருந்தது. மார்ச் இருபத்தொன்பதைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது. இத்தனை மாதமாக அந்த இடத்தைக் காலியாக விட்டதற்கு நான் சொன்ன காரணம் எல்லாம் பொய். பேனாவை எடுத்து, ரயில் ஆட்டத்தில் எழுத்துக் கோணக் கோண எழுதினேன்: ‘சந்தனமாரி, காசிராஜன், தர்ஷிகா, முகிலன்.’ என் பெயரை முதலில்.

ஆகஸ்ட் 21, புதன்

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. இடது கையைத் தூக்க முடியவில்லை. வலது கை நன்றாக இருக்கிறது. திட்டுவதற்கு வாயும் நன்றாக இருக்கிறது.

அக்டோபர் 26, சனி

டாக்டர் நாச்சியப்பன் மண்டகப்படி. வீட்டம்மா அனுப்பிய இனிப்புச் சீயத்தை அவரே ஆளுக்கு இரண்டாக எடுத்துவைத்தார். ஏழாவதாக ஓர் ஆளைக் கூட்டிவந்துவிட்டார் என்று மேலூர்க்காரர் பத்திரத்தைக் காட்டி வாதாடினார். டாக்டர் தன் டிரைவரைக் கீழே அனுப்பினார்.

நவம்பர் 19, செவ்வாய்

ஸ்கேன் முடிவு வந்தது. இப்போதைக்கு எங்கும் ஒன்றும் தெரியவில்லை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. இவர் ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான பதினேழு வருடத்தில் தெருவில் கையைப் பிடித்தது இதுதான் முதல் தடவை. விட்டுவிடுங்கள், ஆட்கள் பார்க்கிறார்கள் என்றேன். விடவில்லை. நானும் இழுக்கவில்லை.

நவம்பர் 20, புதன்

டப்பாக்களை வெந்நீரில் ஊறவைத்து ஸ்டிக்கரை எல்லாம் உரித்தேன். பெருங்காயம் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

மார்ச் 25, செவ்வாய்

நம் நாளுக்கு எண்ணெய்ப் புரோட்டாதான் வேண்டும் என்று பிள்ளைகள் ஒரே அடம். விருதுநகர்க்காரர்கள் புரோட்டா இல்லாமல் போனால் மரியாதையா என்று இவரும் சேர்ந்துகொண்டார். சூடான பதார்த்தம் கூடாது, எண்ணெய் மணம் வார்டுக்குள் போய்விடும் என்றேன். "யாரு எழுதுன சட்டம் இது?" என்றாள் தர்ஷிகா. எழுதினவள் தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொள்ளும்போது கையில் முடி தட்டுப்பட்டது. இரண்டு அங்குலம், சுருட்டை.

புளிசாதம் என்று முடிவாயிற்று.

மார்ச் 29, சனி

எங்கள் மண்டகப்படி. பிள்ளைகளும் கூட வந்தவர்களுமாக எழுபது பேர். எஸ்தர் திருச்சியிலிருந்து வந்துவிட்டாள். முகிலன் கூடத்தை அவனே திறந்தான், சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பத்திரம் எழுதுகிற விளையாட்டு வைத்தேன். ஒரு சிறுமி தன் அப்பாவின் மூக்குக்கு நான்கெல்லை எழுதிக் கையெழுத்து வாங்கினாள்.

சாப்பாடு முடிந்ததும் அடுத்த வருடப் பட்டியலைச் சுவரில் ஒட்டினேன். முதல் சனிக்கிழமைக்குத்தான் அடிதடி வரும் என்று பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாருமே அதைச் சீண்டவில்லை. எல்லோரும் குனிந்து அடியில் பார்த்தார்கள். முகிலன் போன வருடம் சொன்னது எப்படியோ வார்டு முழுக்கப் பரவியிருக்கிறது. கடைசி சனிக்கிழமைக்கு ஒன்பது குடும்பம் மல்லுக்கு நின்றது. நேற்றுத்தான் முதல் மருந்து ஏற்றிக்கொண்ட ஒரு பெண், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் கையை நீட்டிக் கத்தினாள். "அது எங்க நாளு" என்று முகிலன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

தீர்ப்புச் சொல்லச் சொல்லி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பட்டியலுக்குக் கீழே இன்னொரு தாளை ஒட்டி அதற்கடுத்த வருடத்துக்கும் கோடு போட்டேன். உடனே சண்டை அந்தக் கடைசிக்கு இறங்கிவிட்டது. மறுபடி ஒரு தாள், அதற்கும் அடுத்த வருடம். சுவரில் இடம் தீர்ந்து, பட்டியல் தரைக்கு வந்து, எக்ஸ்ரே அறைப் பக்கம் போயிற்று. தாளும் தீர்ந்துவிட்டது. இவரைக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன், பெரிய நோட்டாகப் பார்த்து வாங்கிவரச் சொல்லி.